முப்பத்தொரு ஓட்டைகள்

எங்கள் வீட்டில் கார் ஓட்டுகிறவள் என் மனைவி. என்னிடமும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அதை முகவரிச் சான்றாக மட்டுமே பயன்படுத்தி வந்திருக்கிறேன். கார் என் மாமனார் வாங்கிய வெள்ளை அம்பாசிடர். அவர் கடைசிவரை அதன் பின் இருக்கையில்தான் உட்கார்ந்தார், மகள் ஓட்டினாள். தலத்தெருவிலிருந்து நெடுங்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு இருபத்தேழு வருடம் அந்தக் காரில் போய்ப் பாடம் நடத்திவிட்டு வந்தாள். ஓய்வு பெற்ற பிறகும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் நெடுங்காட்டில் தனியாக இருக்கும் அக்காவைப் பார்க்க அதே காரில், அதே சாலையில் போய் வந்தாள்.

அறுபதைத் தாண்டியதும் அவளுக்குக் காது மங்கத் தொடங்கியது. இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். வீட்டில் அவை நன்றாக வேலை செய்தன. சமையலறையிலிருந்தபடியே நான் தொலைபேசியில் பேசுவதைத் திருத்தும் அளவுக்கு நன்றாக. காரில் மட்டும் சிக்கல். கடல் காற்றில் நாற்பது வருடம் நின்ற வண்டி. தரைத்தகடு துருப்பிடித்து, தளர்ந்து, ஓடும்போது தகர டின்னைப் போல அதிரும். மெஷினுக்கு ஹாரன் வேறு, தகடு வேறு என்று தெரியாது. இரண்டையும் பெரிதாக்கிக் கொடுத்தது. தகடு ஹாரனைவிடப் பக்கத்தில் இருந்தது. எனவே அவள் மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஓட்டத் தொடங்கினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சுரக்குடி பக்கம் ஒரு பள்ளி வேன் அவளுக்குப் பின்னால் நெடுந்தூரம் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அது பாதி மண்ணில் இறங்கி முந்திப் போனது. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி ஏதோ சொன்னார். முப்பது வருடம் வகுப்பறையில் வாயசைவைப் படித்துப் பழகியவள் என்பதால் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. சாவியை ஆணியில் மாட்டினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போனாள்.

ஐந்து மாதம் கழித்து அவளாகவே ஒரு நிபந்தனை சொன்னாள். காதில் மெஷின் இருக்க வேண்டும், கண்ணாடி பாதி இறக்கியிருக்க வேண்டும், பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் அவளுக்குக் கேட்க வேண்டும். அப்படி வண்டியைச் சரிசெய்ய முடிந்தால் ஓட்டுவாள். முடியாவிட்டால் அந்த இருக்கையில் இனி உட்கார மாட்டாள். குரலை உயர்த்தாமல், வீட்டுப்பாடம் கொடுப்பது போலச் சொன்னாள்.

ஊர் எல்லையில், வண்டிகளுக்குத் தகட்டு வேலை பார்க்கும் ஒரு டிங்கர் பட்டறை இருக்கிறது. அதை நடத்துகிறவருக்கு நாற்பது வயதிருக்கும். என் மனைவியிடம் படித்தவர் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லோரையும் போல அவளை டீச்சர் என்றுதான் அழைப்பார். அவர் இன்ஜினை இறக்கினார், இருக்கைகளையும் கதவுகளையும் கழற்றினார், முன்பக்கத் தரைத்தகடு இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பரும் போயிருந்தது. அது வெளியூரிலிருந்து வர வேண்டும், வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

செய்ய வேண்டியவை இரண்டு. காரின் அடிவயிறு முழுவதும் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். அது துருவைத் தடுக்கும், கல் தெறிக்கிற சத்தத்தையும் குறைக்கும். உள்பக்கம் தகட்டின் மேல் டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். ஒருபுறம் அலுமினியத் தாளும் மறுபுறம் ஒட்டும் ரப்பரும் உள்ள கனத்த ஷீட் அது. தகட்டோடு ஒட்டிக்கொண்டு அதை அதிரவிடாமல் செய்யும். மொட்டைமாடிக்குப் போடுகிற தார் ஷீட்டே போதும் என்று சிலர் சொன்னார்கள். சித்திரை வெயிலில் அது உருகிக் காலில் ஒட்டும், வாடையும் போகாது என்று என் மனைவி மறுத்துவிட்டாள். நல்ல ஷீட் வரவழைத்தோம்.

பூச்சு வேலை மட்டும் தனக்கு ஒத்துவராது என்றார் டிங்கர். தூக்குமேடை இல்லாமல், காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு அடித்தால் பாதி கண்ணில்தான் விழும். அப்போது பட்டறையில் ஒரு டிரெய்லரைப் பற்றவைக்க வந்திருந்தவர் தான் செய்து தருவதாகச் சொன்னார். காரைக்கால்மேட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயது, மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் வேலை பார்ப்பவர். தடைக்காலம் முடிந்து படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டதால் கையில் வேலை இல்லை. காரின் அடிப்பகுதியைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க ஏன் சார் அடியில போறீங்க? அத மேல கொண்டாந்துட்டாப் போச்சு."

படகைக் கரையில் சாய்ப்பது போலக் காரையும் சாய்த்துவிடலாம் என்றார். காற்று அதிகம் என்று யாரும் கடலுக்குப் போகாத ஒரு நாளில் ஒன்பது பேரை அழைத்து வந்தார். தரையில் பழைய வலைக்கட்டுகளையும் டயர்களையும் பரப்பினார்கள். வலைக்கட்டில் மீன் வாடை இருந்தது. ஒன்பது பேரும் ஒரே குரலில் ஏலேலோ என்று ஏலம் போட்டுத் தூக்க, என் மாமனாரின் கார் வலப்பக்கமாகப் படுத்தது. வழியில் போன ஒருவர் எங்கே விபத்து என்று கேட்டார். இங்கேதான் என்றேன்.

அந்த வாரம் டிங்கர் தன் அக்கா மகனுக்குத் தேவாலயத்தில் நடக்கும் புதுநன்மை விழாவுக்காக வெளியூர் போக வேண்டியிருந்தது. போவதற்கு முன் பெரிய பொத்தல்களை எல்லாம் தகடு வைத்து மூடிவிட்டார். ஊசிப் பொத்தல்கள் மிச்சமிருந்தன. சின்ன ஓட்டைகளை அடைத்துவிட்டுப் பூச்சு அடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் ஒரு நாளிதழில் பிறர் எழுதியதில் விடுபட்டதைத் தேடுவதுதான் என் தொழில். சாக்பீஸும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு அடிவயிற்றையும், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகளையும், கழற்றி வைத்திருந்த கதவுகளையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஓட்டை தென்பட்ட இடமெல்லாம் வட்டம் போட்டேன், எண் கொடுத்தேன். மொத்தம் முப்பத்தொன்று. அதில் நான்கு, டிங்கர் வைத்த புதுத் தகட்டிலேயே இருந்தன. கவனக்குறைவு என்று குறிப்பேட்டில் எழுதினேன். கதவின் அடிவிளிம்பிலும் பக்கவாட்டுப் பெட்டிகளிலும் இருந்தவை ஒரு ரூபாய்க் காசு அளவில், நல்ல வட்டமாக, சம தூரத்தில் இருந்தன. துரு அப்படி வேலை செய்வதில்லை. அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

படகுக்காரரின் வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் நாள் வயர் பிரஷ் போட்டுத் தகடு வெளுக்கும்வரை தேய்த்தார். மறுநாள் காலை வந்ததும் முதலில் நல்ல தண்ணீரால் முழுவதையும் கழுவினார். நேற்றுத்தானே சுத்தம் செய்தோம் என்று கேட்டேன். தகட்டின் மேல் விரலை இழுத்து என்னிடம் நீட்டி, நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்புக் கரித்தது. இரவெல்லாம் கடல் காற்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் பூசினால் பூச்சுக்கு உள்ளேயே துரு வளரும் என்றார். காய்ந்ததும் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்தார். அதற்கு அடுத்த நாள் என் சாக்பீஸ் வட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். பெரிய ஓட்டைகளுக்கு வெள்ளை ஃபைபர் மேட்டை வெட்டி வைத்து, ரெசின் தடவி, சின்ன உருளையால் காற்றை வெளியேற்றினார். ஊசிப் பொத்தல்களுக்குப் பிசின். ஒன்றை முடித்ததும் எண்ணை உரக்கச் சொல்வார். நான் குறிப்பேட்டில் அடித்துவிடுவேன். முப்பத்தொன்றும் முடிந்தபோது இருவருக்கும் திருப்தி.

பிறகு பூச்சு. பிரேக் குழாய்களுக்கும் போல்ட்டுகளுக்கும் காகிதம் சுற்றி மறைத்துவிட்டு, மூலைகளில் பிரஷ்ஷாலும் மற்ற இடங்களில் ஸ்பிரே கன்னாலும் இரண்டு கை அடித்தார். வெயில் ஏறிய பின் தொடங்கி மூன்று மணிக்குள் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் காற்றில் ஈரம் வந்துவிடும். நான்கு நாளில் காரின் அடிப்பகுதி மேல்பகுதியைவிட அழகாக இருந்தது.

ஒன்பது பேர் மறுபடி வந்து காரை நிமிர்த்தியதும் ஷீட் ஒட்டும் வேலை. பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து ஓரங்களை மடக்கி, அளவுக்கு வெட்டி நான் மாதிரி தயார் செய்தேன். ஆனால் எங்கே ஒட்டுவது என்பதை என் மனைவிதான் தீர்மானித்தாள். முழுக்க ஒட்டினால் கார் கனத்துப்போகும். அதிர்கிற இடத்தில் மட்டும் ஒட்டினால் போதும். அவள் இரண்டு மெஷினையும் மாட்டிக்கொண்டு, இருக்கை இல்லாத காருக்குள் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். படகுக்காரர் குந்தியபடி விரல் முட்டியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். படகின் ஃபைபருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் இப்படித்தான் தட்டுவாராம்.

"இங்க?"

"கத்துது."

"இங்கங்க?"

"அது சும்மாதான் இருக்கு. விடுங்க."

"இந்த மூலை, டீச்சர்?"

"அதுதான் இத்தனை நாள் என் உயிரை வாங்குனது. ரெண்டா ஒட்டுங்க."

இப்படியே தரை, கதவுகள், பின் இருக்கைக்கு அடி, இன்ஜினுக்கும் உள்பகுதிக்கும் நடுவிலுள்ள குறுக்குத் தகடு எல்லாம் முடிந்தது. ஒட்டிய பிறகு அதே இடத்தைத் தட்டினால் மரப்பலகையைத் தட்டுவது போல இருந்தது. அவள் ஒவ்வொன்றையும் மறுபடி தட்டச் சொல்லிக் கேட்டாள். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்த சாவியை எடுத்துத் துடைத்து, மறுபடி அங்கேயே மாட்டினாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

பட்டறை மெக்கானிக் இன்ஜினை ஏற்றினார். கதவுகள், இருக்கைகள், ஷீட்டுக்கு மேலே புது ஃபெல்ட் விரிப்பு எல்லாம் போட்டுக் காரை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம். மறுநாள் சனிக்கிழமை; திருநள்ளாறு போகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொள்ளும். எனவே ஞாயிறு காலை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சனிக்கிழமை இரவு, ஆடி மாதத்தில் யாரும் எதிர்பாராத அளவுக்கு மழை கொட்டியது.

ஞாயிறு காலை ஆறரைக்கு அவள் சேலையைச் செருகிக்கொண்டு, மெஷின் மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். உள்ளே நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. தெளிவான தண்ணீர். ஃபெல்ட் விரிப்பு அதில் லேசாக மிதந்தது. அதன் மேல் என் பேனாவின் மூடி மிதந்தது. கதவை ஆட்டிப் பார்த்தேன். முற்றிய தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினால் கேட்பது போல அதற்குள்ளும் தண்ணீர் சலசலத்தது.

அவள் சேலைச் செருகலை எடுத்துவிட்டாள்.

"பஸ்ஸே பழகிடுச்சுங்க எனக்கு," என்றாள். உள்ளே போய் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள். அன்று முழுவதும் மாட்டவில்லை. நான் சொன்ன எதுவும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

படகுக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். வந்தார். காருக்குள் பார்க்கும் முன்பே மண்டியிட்டு அடியில் கையை விட்டுத் தடவினார். கையை எடுத்துக் காட்டினார். காய்ந்திருந்தது.

"ஒரு சொட்டு எறங்கல பாருங்க சார்."

அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சிதான். அதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ள வழியில்லை. ஊரிலிருந்து முதல் நாள் திரும்பியிருந்த டிங்கரும் சற்று நேரத்தில் வந்து சேர்ந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார், அடியில் எட்டிப் பார்த்தார், கதவின் கீழ்விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, போட்டுக்குத் தண்ணி வெளிய இருந்து வரும். காருக்கு உள்ள இருந்துதாண்ணே வரும்."

"உள்ள வருதுன்னு எங்கிட்ட யாரு சொன்னா?" என்றார் படகுக்காரர்.

பிறகு டிங்கர் நிதானமாக விளக்கினார். பழைய காரில் முன்கண்ணாடி ரப்பர் வழியாகவும் கதவுக் கண்ணாடி இடுக்கு வழியாகவும் தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். இந்தக் காரில் நாற்பது வருடமாக வந்துகொண்டுதான் இருந்தது. தரையில் நான்கு, பக்கவாட்டுப் பெட்டிகளில் நான்கு, கதவுகளில் நான்கு என்று தொழிற்சாலையிலேயே வைத்த வடிகால் ஓட்டைகள் வழியாக வந்த சுவடு தெரியாமல் வெளியே போய்க்கொண்டும் இருந்தது. புதுத் தகட்டில் இருந்த நான்கும் பழைய தகட்டைப் பார்த்து அவர் அளந்து போட்டவை. பன்னிரண்டும் இப்போது மூன்றடுக்கு ஃபைபரால் அடைபட்டிருந்தன.

"எந்த ஓட்டைய அடைக்கிறதுன்னு யாரு அண்ணே சொன்னது?"

"சாக்பீஸ்ல வட்டம் போட்டிருந்துச்சு. நம்பரும் இருந்துச்சு."

இருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமம் தெரிந்தது. குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். டிங்கர் பக்கத்தைப் புரட்டி, கவனக்குறைவு என்று நான் எழுதியிருந்த வரியைப் படித்துவிட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தார். காபி கொண்டுவந்த என் மனைவி மூவரின் முகத்தையும் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"புதுத் தகட்டுல எப்படிங்க துரு ஓட்டை இருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை. மெஷின் டப்பாவில்தான் இருந்தது.

பன்னிரண்டு ஓட்டைகளையும் மறுபடி துளைத்துத் திறக்க ஒரு நாள் பிடித்தது. படகுக்காரர் அவ்வளவு நன்றாக அடைத்திருந்தார். இரண்டு டிரில் பிட் உடைந்தது. கதவும் பக்கவாட்டுப் பெட்டியும் திறந்தபடியே இருக்கட்டும் என்றார் டிங்கர். ஆனால் தரையில் நான்கு ஓட்டையைத் திறந்து வைத்தால் சாலைச் சத்தம் அதன் வழியே நேராக உள்ளே ஏறும், டீச்சருக்கு அது உதவாது என்றும் அவரே சொன்னார். அதற்குப் படகுக்காரர் மறுநாள் வழி கொண்டுவந்தார். படகின் பின்பக்கம் அடியில் ஒரு திருகு மூடி இருக்கும். கரைக்கு வந்ததும் கழற்றித் தண்ணீரை வடித்துவிட்டு, கடலுக்குப் போகும் முன் திருகிவிடுவார்கள். அப்படி நான்கு மூடிகளைத் தரையில் பொருத்தினார். வண்டி நின்றால் திறக்க வேண்டும், கிளம்பினால் மூட வேண்டும். ஷீட்டுக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகவில்லை. ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினோம். முன்கண்ணாடி ரப்பரும் அந்த வாரமே வந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்க அவளைச் சம்மதிக்க வைத்தது நானில்லை. டிங்கர் வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றே பேசினார். தான் பைக்கில் பின்னால் வந்து ஹாரன் அடிப்பதாகவும், கேட்டது என்று அவள் சொன்னதும் பக்கத்தில் உட்காரும் நான் கையை வெளியே காட்டினால் போதும் என்றும் சொன்னார். முதலில் பக்கத்தில் வந்து அடிப்பார், பிறகு தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார். கேட்கவில்லையென்றால் தானே வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிடுவதாகவும் சொன்னார்.

"ஒரு தடவைதான். அதுக்கு மேல என்னை யாரும் கூப்பிடக் கூடாது," என்றாள்.

திங்கட்கிழமை காலை கிளம்பினோம். நான் அவள் பக்கத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். தலத்தெரு தாண்டியதும் கார் இரண்டாவது கியரில் போய்க்கொண்டே இருந்தது. மூன்றுக்கு மாற்றவில்லை. டிங்கர் பைக்கை முறுக்கிப் பக்கத்தில் வந்து கியரை மாற்றச் சொல்லிக் கையை அசைத்தார். அவள் ஓரமாக நிறுத்தினாள். நின்றதும் இன்ஜின் அணைந்துவிட்டது. அது அணைந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். "இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியலைங்க. எப்ப மாத்துறதுன்னு நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

இருபத்தேழு வருடம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் கியர் மாற்றியிருக்கிறாள். அதையும் சேர்த்து அடக்கிவிட்டோம். என் பட்டியலில் அது இல்லை. நான் வீட்டுக்குத் திரும்பலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் கதவைத் திறந்து இறங்கி, குனிந்து, பெடலுக்கு மேலே குறுக்குத் தகட்டில் கையை வைத்துக் காட்டினாள். "தம்பி, இதுல ஒரு ஷீட்டை மட்டும் உரிங்க. இந்த ஒண்ணு மட்டும். கீழ இருக்கறதைத் தொடாதீங்க."

டிங்கர் பைக் பெட்டியிலிருந்து கத்தி எடுத்து, தலைகீழாகப் படுத்து, ஒரு ஷீட்டை உரித்தெடுத்தார். நன்றாக ஒட்டியிருந்தது, கால் மணி நேரம் ஆனது. அவள் மறுபடி ஏறி, ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக் கொஞ்சம் கேட்டாள். முதல் கியர். இரண்டு. சத்தம் ஏறியதும் மூன்று.

சுரக்குடியை நெருங்கும்போது ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வர, டிங்கர் பைக்கோடு பின்னால் மாட்டிக்கொண்டார். எங்கள் சோதனை அத்தோடு நின்றுபோனது என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று இடது பக்கம் விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஓரம் ஒதுங்கினாள். ஏன் என்று கேட்டேன். அவள் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுப் பொறுத்து நெடுங்காடு பஸ் எங்களைக் கடந்து போனது. ஹாரன் எனக்குக் கேட்டிருக்கவில்லை. பஸ் ஓட்டுநர் கடந்து போகும்போது நன்றி சொல்வது போலக் கையை லேசாக உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள்.

பிறகு நெடுங்காடு வரை ஓட்டினாள். அக்கா வீட்டு வாசலில் நிறுத்தியதும், "ரெண்டு தடவை அடிச்சாரு," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. நானும் வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். தேவையில்லை என்றாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைச் சொடுக்கிக்கொண்டே இருப்பது காதில் விழுகிறதாம். குனிந்து நான்கு மூடிகளையும் தானே திருகினாள். கார் தெருவில் இறங்கியது. ஷீட் எல்லாம் உள்பக்கம்தான். வெளியே நிற்பவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கார் எப்போதும் போலவே இரைந்துகொண்டு போனது. முனையில் திரும்பி மறைந்த பிறகும் அவள் மூன்றுக்கு மாற்றியது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.